பிள்ளை பெற்ற உடம்பும் மலை ரோட்டும்: அடுப்படியிலிருந்து ஓட்டம் வரை ஒரு முழு வழிகாட்டி

மகன் பிறந்த ஏழாவது கிழமை. கிளினிக்கில் என் கொப்பியைப் புரட்டிப் பார்த்து எல்லாம் சரி என்றார்கள். மறுநாள் விடிந்ததும் பழைய சப்பாத்தை மாட்டிக்கொண்டு, தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே போகிற தார் ரோட்டில் இறக்கமாகப் பார்த்து ஓட ஆரம்பித்தேன். இறக்கம் சுகம் என்ற நினைப்பு. முதல் வளைவு வருவதற்குள் சிறுநீர் கசிந்து காற்சட்டை நனைந்துவிட்டது. நல்ல வேளை, தூறல் விழுந்துகொண்டிருந்தது, யாருக்கும் தெரியவில்லை. குசினியில் உட்கார்ந்து அழுதேன். அத்தை பால் வற்றிவிட்டதென்று நினைத்துப் பூண்டு உரிக்கத் தொடங்கிவிட்டார்.

இப்போது மகனுக்கு இரண்டு வயது. கிழமைக்கு மூன்று நாள் அரை மணி நேரம் ஓடுகிறேன். இடையில் தட்டுத் தடுமாறிக் கற்றதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். போனில் கிடைக்கிற ஓட்டத் திட்டங்கள் பெரும்பாலும் சமதரைக்காரர்களுக்கானவை. நம் இலங்கை மலையகத்தில், ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,271 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். வாசலை விட்டு இறங்கினால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். இங்கே கிலோமீட்டர் கணக்குச் சரிவராது. நிமிடக் கணக்குத்தான் சரி.

வரிசையையும் மாற்றக் கூடாது. முதலில் சாப்பாடு, பிறகு நடை, கடைசியில் ஓட்டம். நான் தலைகீழாகத் தொடங்கியதால் பட்டேன்.

முதல் படி: அந்த முதல் ஆறு கிழமை

இந்த நாட்களில் ஓட்டத்தை நினைக்கவே வேண்டாம். நம் வீடுகளில் பத்தியம் என்று ஒன்று வைக்கிறார்களே, அதில் பாதி பொன், பாதி வீண். சூடான சாப்பாடு, பூண்டு, மிளகு, கோழிச்சாறு, பெரியவர்கள் வேலை செய்ய விடாமல் படுக்க வைப்பது எல்லாம் பொன். "தண்ணி அதிகம் குடிச்சா வயிறு வச்சிரும்", "பழம் தின்னா புள்ளைக்குச் சளி" என்பது வீண். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் அதிகம். குடிக்கத்தான் வேண்டும். பக்கத்தில் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு கோப்பை குடியுங்கள். என் அத்தையோடு இதில் நான் சண்டை போடவில்லை. மருத்துவிச்சி வீட்டுக்கு வந்த அன்று, அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். அதோடு முடிந்தது.

மருத்துவிச்சி முதல் பத்து நாளில் இரண்டு தடவையாவது வருவார், 42ஆம் நாளை ஒட்டியும் வருவார். பிள்ளையின் எடையைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிடாதீர்கள். தையல் வலிக்கிறதா, சிறுநீர் நிற்கவில்லையா, தூக்கம் வந்தும் தூங்க முடியவில்லையா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அதைக் கேட்கத்தான் அவர் அந்த ஏற்றத்தை ஏறி வருகிறார்.

உடம்புக்கான வேலை இந்த நாட்களில் இரண்டே இரண்டு. ஒன்று மூச்சு. மல்லாந்து படுத்து, விலா விரிய மூச்சை இழுத்து, விடும்போது அடிவயிறு மெல்ல உள்ளே போகட்டும். இரண்டாவது, அடிவயிற்று உறுப்புகளைக் கீழிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைக்கானது. வாயுவை அடக்குவது போல உள்ளே, மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் மூன்று நான்கு விநாடிதான் நிற்கும், கிழமைகள் போகப் போகப் பத்து விநாடி வரும். அப்படிப் பத்துத் தடவை, பிறகு பத்துத் தடவை டக் டக்கென்று இழுத்து விடுவது, ஒரு நாளைக்கு மூன்று வேளை. தொடையையும் பிட்டத்தையும் இறுக்கினால் ஏமாற்றுகிறீர்கள் என்று அர்த்தம். சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பழகாதீர்கள். சத்திர சிகிச்சைப் பிரசவம் என்றால், வலி விடும் அளவுக்கு மட்டும். பிள்ளையை விடப் பாரமான எதையும் தூக்க வேண்டாம். பீலியிலிருந்து தண்ணீர்க் குடம் தூக்குவதும் அதில் அடக்கம்.

இரண்டாம் படி: தேத்தண்ணியைச் சோற்றிலிருந்து பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். செலவே இல்லை.

களைப்பு எல்லாம் தூக்கமின்மை என்று நினைக்கிறோம். பிரசவத்தில் இரத்தம் போன உடம்பு இரும்புச்சத்துக் குறைந்து கிடக்கும். அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? ரொட்டி, சம்பல், கூடவே சாயத்தண்ணி. மத்தியானம் சோறு முடிந்த கையோடு இன்னொன்று. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பு உறிஞ்ச விடாமல் செய்கிறது. தேயிலையை உலகத்துக்கே அனுப்புகிற நம்மை அதே தேயிலை இப்படிப் பழிவாங்குகிறது. நிறுத்தச் சொல்லவில்லை, என்னால் முடியவும் முடியாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னோ ஒரு மணி நேரம் பின்னோ குடியுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய்த் தண்ணீரோ ஒரு கொய்யாவோ இருந்தால் இரும்பு நன்றாக ஏறும்.

கிளினிக்கில் தருகிற இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். கல்சியம் மாத்திரையையும் அதோடு சேர்க்க வேண்டாம், ஒன்று காலையில் என்றால் மற்றது இரவில். மாத்திரை குமட்டுகிறது என்று யன்னலால் எறிகிறவர்களைத் தெரியும் (நானும் முதல் பிள்ளைக்கு எறிந்தவள்தான்). இரவில் படுக்கப் போகும்போது போட்டுப் பாருங்கள், குமட்டல் தெரியாது. ஓடத் தொடங்கும் முன் ஒரு தடவை ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்தம் குறைவாக வைத்துக்கொண்டு மலையில் ஓடினால் நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், உடம்பு முன்னேறாது.

மூன்றாம் படி: மூன்று சட்டி

தாய்ப்பால் கொடுக்கிறவளுக்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக வேண்டும். நம் கணக்கில் இரண்டு குரக்கன் ரொட்டி, ஒரு முட்டை, அரை ஆனைக்கொய்யா. அதாவது இன்னொரு சின்னச் சாப்பாடு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று வேளையும் புதிதாகச் சமைக்க முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் மூன்று சட்டி வைத்துவிடுவேன்.

முதல் சட்டி கௌப்பி. இரண்டு கோப்பை கௌப்பியை இரவே ஊற வைக்க வேண்டும். இதில் மலை நாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையில். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் கௌப்பி கல்லாகக் கிடப்பது அதனால்தான். கொழும்பு அக்கா சொன்ன நேரத்தை நம்பாதீர்கள். பிரஷர் குக்கர் இருந்தால் ஆறு விசில், இல்லாவிட்டால் மூடி போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல். வெந்த கௌப்பியில் பாதியைத் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுக் காலைக்கு வைக்கலாம். மீதியை வெங்காயம், செத்தல் மிளகாய் தாளித்து ஓட்டத்துக்குப் பிறகு சாப்பிடலாம்.

இரண்டாவது பூண்டு நெத்தலிக் குழம்பு. கைப்பிடி நெத்தலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் உப்பு இறங்கும். இருபது பல் பூண்டு, பத்துச் சின்ன வெங்காயம், அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை. வதங்கியதும் மிளகாய்த்தூளைக் குறைத்து மிளகுத்தூள் தாராளமாக, மல்லித்தூள், புளித்தண்ணீர், இரண்டாம் தேங்காய்ப்பால். பூண்டு நசுங்கும் பதத்தில் நெத்தலியைப் போட்டு, ஐந்து நிமிடத்தில் முதல் பால் விட்டு இறக்குங்கள். நெத்தலியை முள்ளோடு சாப்பிடுவதால் கல்சியமும் கிடைக்கும், புரதமும் கிடைக்கும். பூண்டு பாலைக் கூட்டுமா என்று என்னைக் கேட்காதீர்கள். பாலைக் கூட்டுவது பிள்ளை அடிக்கடி குடிப்பது. பூண்டு குழம்பின் ருசியைக் கூட்டும், எனக்கு அது போதும்.

மூன்றாவது கீரைச் சுண்டல். முருங்கை குளிர் மலையில் சரியாக வராது. கீழே பதுளைப் பக்கம் உள்ளவர்களுக்கு அந்தக் கொடுப்பினை. மேலே இருக்கிற நமக்கு வல்லாரை, பொன்னாங்காணி, முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை. பீட்ரூட் இலையைக் கடைக்காரர் கிள்ளி எறிவார், கேட்டால் சும்மா தருவார். மெல்லியதாக அரிந்து, சட்டியில் வெங்காயத்தோடு இரண்டு நிமிடம் மட்டும் புரட்டி, தேங்காய்ப்பூ போட்டு, இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் சூட்டில் அதன் பயன் குறைந்துவிடும். கீரை மட்டும் அன்றன்றைக்கு. மற்ற இரண்டு சட்டியும் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கலாம். பெட்டி இல்லாத வீட்டில், குளிர்தானே என்று அடுப்பங்கரையில் விட்டுவிடாமல் காலையும் இரவும் கொதிக்க வைத்து, இரண்டாம் நாளோடு முடித்துவிடுங்கள்.

ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கோதுமை மா ரொட்டி வயிற்றை நிரப்பும், இரண்டு மணி நேரத்தில் கை நடுங்கும். ஒரு கோப்பை குரக்கன் மா, அரைக் கோப்பை கோதுமை மா, அரைக் கோப்பை தேங்காய்ப்பூ, உப்பு, சுடுதண்ணீர். சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்தால்தான் வெடிப்பு விழாமல் வரும்.

திரிபோஷ சத்துமா கிடைக்கிற தாய்மார் அதைத் தாங்கள் சாப்பிடுங்கள். சோளம், சோயா, பால்மா சேர்ந்த அது தாய்க்கென்றுதான் தரப்படுகிறது. வீட்டில் மூத்த பிள்ளைகளுக்கும் மாமனாருக்கும் போய், கடைசியில் தாய்க்கு வெறும் பை மிஞ்சுகிற கதை எனக்குத் தெரியும். இரண்டு கோப்பை மாவுக்கு அரைக் கோப்பை தேங்காய்ப்பூ, கால் கோப்பை சீவிய கித்துள் கருப்பட்டி சேர்த்து உருண்டை பிடித்தால், பால் கொடுக்கும்போது ஒரு கையால் சாப்பிடலாம். அன்றைக்கே முடித்துவிட வேண்டும், தேங்காய் புளித்துவிடும்.

விறகடுப்பு என்றால் ஒன்று. மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய கிளை, எரிகிற புகையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சமைக்காதீர்கள். அந்தப் புகை பிஞ்சு நெஞ்சுக்கு ஆகாது.

நான்காம் படி: நடை

ஆறாம் கிழமைப் பரிசோதனை முடிந்து, தையலும் ஆறியிருந்தால் நடக்கலாம். முதல் கிழமை பத்து நிமிடம். வீட்டிலிருந்து ஏற்றமாகப் போய் இறக்கமாகத் திரும்புங்கள், களைத்தால் வீடு கீழேதான் இருக்கும். இறக்கமாகப் போய்விட்டு, திரும்பும்போது ஏற முடியாமல் மதகில் உட்கார்ந்து தவித்திருக்கிறேன். ஒவ்வொரு கிழமையும் ஐந்து நிமிடம் கூட்டினால் பன்னிரண்டாம் கிழமை அளவில் அரை மணி நேரம் வந்துவிடும். மூச்சு வாங்கினாலும் வாயால் பேச முடிய வேண்டும், அதுதான் வேகத்துக்கு அளவு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, பிரசவமான பெண்களுக்குக் கிழமைக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு. ஐந்து நாள் நடை, நாள் ஒன்றுக்கு அரை மணி நேரம், கணக்குச் சரி.

ஐந்தாம் படி: ஓடலாமா என்று உடம்பையே கேளுங்கள்

2019இல் பிரித்தானியப் பிசியோதெரபிஸ்ட்கள் வெளியிட்ட வழிகாட்டியின்படி, மூன்று மாதத்துக்கு முன் ஓட்டம் வேண்டாம். மூன்று மாதம் என்பது வாசல்தான், நாள் குறித்தது அல்ல. சிலருக்கு ஆறு மாதமாகும். அதில் வருகிற சோதனைகளை வாசலிலேயே செய்யலாம். அரை மணி நேரம் நடக்க வேண்டும். ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் பாதி குந்தி எழுவது, ஒற்றைக் காலில் துள்ளுவது, இரண்டும் பக்கத்துக்குப் பத்து. பிறகு நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓட வேண்டும். இதில் எங்கேயாவது வலி, கசிவு, கீழே ஏதோ கனத்து இறங்குவது போன்ற உணர்வு வந்தால் நிறுத்தி, இடுப்புத்தளப் பயிற்சிக்குத் திரும்புங்கள். இரண்டு கிழமை கழித்து மீண்டும் பாருங்கள்.

வயிற்றையும் பாருங்கள். மல்லாந்து முழங்கால் மடக்கி, தலையை மட்டும் தூக்கி, தொப்புளைச் சுற்றி நடுக்கோட்டில் விரல் வையுங்கள். இரண்டு விரலுக்கு மேல் அகலமான பள்ளம் இருந்தாலோ நடு வயிறு கூம்பாகப் புடைத்தாலோ, பிசியோதெரபிஸ்டிடம் போக வேண்டும். பெரிய அரச வைத்தியசாலைகளில் அந்தப் பிரிவு உண்டு. கசிவைப் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டு நான் வீணாக்கியது நான்கு மாதம்.

ஆறாம் படி: ஓட்டம்

கிழமைக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. ஐந்து நிமிட நடையோடு தொடங்கி ஐந்து நிமிட நடையோடு முடியுங்கள். முதல் இரண்டு கிழமை ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பது, ஆறு தடவை. அடுத்த இரண்டு கிழமை இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஐந்து தடவை. ஐந்தாம் ஆறாம் கிழமை மூன்றுக்கு ஒன்று, ஐந்து தடவை. ஏழாம் எட்டாம் கிழமை ஐந்துக்கு ஒன்று, நான்கு தடவை. பிறகு நிற்காமல் இருபது நிமிடம். ஒரு கட்டம் கஷ்டமாக இருந்தால் அதிலேயே இன்னும் இரண்டு கிழமை இருங்கள். பிள்ளைக்குப் பல் முளைக்கிற கிழமையில் முன்னேற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இடம் தேடுவதுதான் நமக்குப் பெரிய வேலை. பாடசாலை மைதானம் இருந்தால் அதுவே சொர்க்கம். நுவரெலியாக்காரர்களுக்குக் கிரகரி வாவிக் கரை. தோட்டத்தில் இருப்பவர்கள் மலையைக் குறுக்காகச் சுற்றிப் போகிற ரோட்டைப் பாருங்கள், லொறி போவதற்காக வெட்டிய அந்த ரோட்டில் ஏற்ற இறக்கம் குறைவு. எங்கே ஓடினாலும் இறக்கத்தில் ஓட வேண்டாம், குறைந்தது முதல் மூன்று மாதம் நடந்தே இறங்குங்கள். இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் பலமாக விழும், இடுப்புத்தளத்துக்கும் பாரம் கூடும். ஏற்றத்தில் ஓட்டம் மெதுவாகும், அடியும் மெல்ல விழும். தண்டவாளத்தில் ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலிப்பர் கட்டைகளில் கால் பிசகும், மூடுபனியில் ரயில் வருவது தெரியாது.

ஓடப் போகுமுன் பால் கொடுத்துவிடுங்கள், பாரம் குறையும். ஸ்போர்ட்ஸ் பிரா இல்லையென்றால் இரண்டு சாதாரண பிரா ஒன்றன்மேல் ஒன்று. வேலைவெட்டியிலிருந்து வந்தவளின் பால் "சூட்டுப் பால்", பிள்ளைக்கு ஆகாது, முதலில் பீச்சி விட வேண்டும் என்பார்கள். மிதமான ஓட்டத்தால் பாலின் அளவோ தரமோ குறைவதில்லை. வேர்வையைத் துடைத்துவிட்டுக் கொடுத்தால் போதும். நனைந்த சட்டையை மட்டும் உடனே மாற்றுங்கள், குளிரில் உங்களுக்குத்தான் நடுங்கும்.

மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழையும் மூடுபனியும். சாரதிக்குத் தெரிகிற பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். அட்டைக்குக் காலிலும் மேஸிலும் சவர்க்காரம் தேய்த்தால் போதும். குளவிக்கூடு இருக்கிற மலைப் பக்கம் கொழுந்தெடுக்கிறவர்களைக் கேட்காமல் போகாதீர்கள். விடியும் முன் தனியாகப் போவதும் வேண்டாம், நாயும் உண்டு, சில தோட்டங்களில் சிறுத்தைப் புலியும் உண்டு.

ஏழாம் படி: அந்த அரை மணி நேரத்தை யார் தருவது?

சப்பாத்து, மைதானம் எல்லாம் இரண்டாவது. பிள்ளையை யார் வைத்திருப்பது என்பதுதான் முதல் கேள்வி. என் வீட்டுக்காரர் கொழும்பில் வேலை. அத்தையிடம் "ஓடப் போறேன்" என்றபோது, "புள்ளப் பெத்த ஒடம்பு, என்னத்துக்கு தாயி ஓடுற? யாரு வெரட்டுறா?" என்றார். நான் விளக்கம் சொல்லவில்லை. "செவ்வாய், வியாழன், ஞாயிறு, ஆறரைக்கு வந்துருவேன் அத்தை" என்று நாளும் நேரமும் மட்டும் சொன்னேன். சொன்ன நேரத்துக்கு வந்தேன். ஒரு மாதத்தில் அவரே, "இன்னைக்கு வெசாலக் கெழமதானே, கெளம்பு" என்றார். கேட்கும்போது கிழமையும் மணியும் சொல்லிக் கேட்டால் கிடைக்கும்.

வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் உரிமையைத் தெரிந்து வைத்திருங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளையும் உண்டு.

என் அக்கா கொழுந்துக்குப் போகிறவள். காலையிலிருந்து முதுகில் பாரத்தோடு மலை ஏறி இறங்குகிறவளிடம் ஓடச் சொன்னால் அது கேலி. அவளுக்கு இந்த வழிகாட்டியில் முதல் மூன்று படியும்தான். அதோடு, வீட்டுக்கு வந்தவுடன் குடம் தூக்காமல் காலை நீட்டிப் பதினைந்து நிமிடம். நான் மூன்று சட்டி வைக்கிற நாளில் ஒரு சட்டி அவள் வீட்டுக்குப் போகும்.

எப்போது நிறுத்த வேண்டும்

நின்றிருந்த உதிரப்போக்கு ஓடிய பிறகு திரும்ப வந்தால் அதிகமாகச் செய்துவிட்டீர்கள், சில நாள் ஓய்வு. ஒரு மணி நேரத்தில் ஒரு துணி முழுக்க நனைகிற அளவென்றால், அல்லது காய்ச்சல், நெஞ்சுவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுட்டால், காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மனதுக்கும் இதே கணக்கு. ஓட்டம் மனதை லேசாக்கும், எனக்கு ஆக்கியது. ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் அழுகை நிற்காமல், பிள்ளையைப் பார்த்தும் ஒன்றும் தோன்றாமல், செத்துப் போகலாம் என்ற நினைப்பு வந்தால், அதை ஓடித் தீர்க்கப் பார்க்காதீர்கள். மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள். "பேய் புடிச்சிருக்கு" என்று சொல்கிறவர்கள் பாட்டுக்குச் சொல்லட்டும். அது வைத்தியத்தில் தீருகிற நோய்.

ஓட்டம் முடிந்து வாசலுக்கு வந்ததும் என் ஒழுங்கு இது. அட்டை இருக்கிறதா என்று காலைப் பார்ப்பேன். சட்டை மாற்றுவேன். ஒரு செம்பு சுடுதண்ணீர். மகன் கௌப்பிக் கோப்பையில் கை விட்டு நாலு எடுத்துக்கொள்வான், மீதி எனக்கு. அத்தை கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்ப்பார், "இன்னும் அரை மணி நேரம் கெடக்கு ஒனக்கு" என்று சொல்லித் தன் தேத்தண்ணியை மட்டும் ஊற்றிக்கொள்வார்.